முதலில் குழந்தையின் கையைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குக் கீழே, சரிவில் இருக்கும் ஓர் இருளர் ஊர் எங்களுடையது. எனக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த முகாமில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு ‘சிக்கிள் செல் கேரியர்’ என்று ஓர் அட்டை வந்தது. கூடவே வந்த தாளில் ஹீமோகுளோபின் 9.4, ஏ 65, எஸ் 31 என்று இருக்கிறது. என்னைத் தாய்மாமன் மகனுக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. அட்டையைப் பற்றித் தெரிந்ததும் மாமன் வீட்டில் தயங்குகிறார்கள். முகாமில் ஒருவர், “இது உங்கள் ஆட்களின் ரத்தத்திலேயே உள்ள கோளாறு” என்றார். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? நான் திருமணம் செய்துகொள்ளலாமா? எப்போதும் அசதியாக இருப்பது இதனால்தானா? இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்; சாப்பிடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அக்காவின் பெண் குழந்தைக்கு 14 மாதம். இரண்டு முறை புறங்கையும் பாதமும் வீங்கி, தொடவிடாமல் அழுதாள். பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்று மருந்துக் கடையில் களிம்பு கொடுத்தார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் ‘இன்னொன்றும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உங்கள் திருமணம் ஒரு மாதம் காத்திருக்கலாம். அந்தக் குழந்தை காத்திருக்கக் கூடாது.

ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு இரண்டு கைகளோ பாதங்களோ திடீரென்று வீங்கி, தொட்டால் அலறுமானால், அதுவும் அந்த வீட்டில் ஒருவருக்கு, சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கக்கூடிய எஸ் வகை ஹீமோகுளோபின் இருப்பது தெரிந்திருக்குமானால், பூச்சிக்கடி என் மனத்தில் கடைசியாகத்தான் வரும். சிக்கிள் செல் நோய், அதாவது அரிவாள் செல் சோகை, பல குழந்தைகளிடம் முதன்முதலில் முகம் காட்டுவது இப்படித்தான். வளைந்த சிவப்பணுக்கள் விரல் எலும்புகளின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. நாலைந்து நாளில், சில சமயம் ஒரு வாரத்தில், வீக்கம் தானாகவே வடிந்துவிடும். களிம்புக்குப் பெயர் கிடைத்துவிடும். இப்படி ஏமாந்த பெற்றோர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நோய் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்லவில்லை. இந்த வாரமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். குழந்தையின் கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம், ஊதா மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். கேட்க வேண்டிய சோதனையின் பெயர் எச்.பி.எல்.சி.; ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பது அது. ‘கரைதிறன் சோதனை’ என்று ஒன்று உண்டு. முகாம்களில் முதலில் செய்வது அதுதான். எஸ் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பங்கா, இருவரிடமிருந்தும் வந்து நோயாகும் இரண்டு பங்கா என்று சொல்லாது. ஆகவே அதோடு திரும்பிவிடாதீர்கள். இன்னொன்று, குழந்தைக்கு இதற்கு முன் எங்காவது ரத்தம் ஏற்றியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்றி மூன்று, நான்கு மாதம் வரை, சோதனையில் தெரிவது பாதி ரத்தம் கொடுத்தவருடைய கதை. அப்படியிருந்தால் அக்காவையும் அவர் கணவரையும் சோதிப்பதே வழி.

எங்கே போவது என்று அலைய வேண்டாம். உங்கள் கோத்தகிரியிலேயே ‘நாவா’ என்று எல்லோரும் அழைக்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. இரு இடத்தாருக்கும் இந்த நோயோடு பல ஆண்டுப் பழக்கம். ஊட்டி, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் போகலாம்.

முடிவு வருவதற்கு முன்பே அக்காவிடம் மூன்று சங்கதிகளைச் சொல்லி வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் சரி, ஜீப் பிடித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நோய் இருந்தால் மண்ணீரல் சரியாகக் காவல் காக்காது. சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கும் நுண்கிருமித் தொற்று சில மணி நேரத்தில் ரத்தம் முழுவதும் பரவிவிடக்கூடும். குழந்தை திடீரென்று வெளுத்து, சோர்ந்து, இடது விலாவுக்குக் கீழே வயிறு கெட்டியாகப் புடைத்தாலும் அப்படியே. ரத்தம் மண்ணீரலுக்குள் தேங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்க எந்தத் தாய்க்கும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அடுத்தது குளிர். உங்கள் மலையின் டிசம்பரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஈரத் துணியோடு குழந்தையை விடாதீர்கள், தண்ணீர் அடிக்கடி கொடுங்கள்.

நோய் உறுதியானாலும் அது முடிவு அல்ல. பென்சிலின் மருந்து தினம் இரு வேளை, குறைந்தது 5 வயது வரை, நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசி, ஃபோலிக் அமிலம், தேவையானால் ஹைட்ராக்சியூரியா. இந்தக் கடைசி மருந்து புற்றுநோய்க்கும் கொடுப்பது என்று யாராவது சொல்லிப் பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஆனால் இங்கே அதை வேறு வேலைக்காகக் கொடுக்கிறோம். அந்த வேலை என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதில் உங்கள் மலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மாதாமாதம், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்த்துக்கொண்டே கொடுத்தால், வலி வரும் தடவைகளும் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைகின்றன. நோய் இருப்பதாக உறுதியானவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. சான்றிதழ் கேட்டுப் பெறலாம்.

இனி உங்களுக்கு வருகிறேன்.

உங்களுக்கு நோய் இல்லை. ‘கேரியர்’ என்பதைத் தமிழில் ‘கடத்தி’ என்று எழுதுகிறார்கள். சந்தனக்கட்டை கடத்தியவரைச் சொல்வதுபோல எனக்கு ஒலிக்கும். நான் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. ‘ஒரு பங்கு உள்ளவர்’ என்பேன். ஹீமோகுளோபினைச் செய்வதற்கான குறிப்பு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உங்களிடம் அவற்றில் ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. மரம் என்பது மறம் ஆவதுபோல ஒரே எழுத்துதான். அதன் விளைவாக, 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு குறிப்பிலும் இப்படி இருப்பவருக்கு, பிராணவாயுவை இறக்கிவைத்த சிவப்பணு கதிர் அறுக்கும் அரிவாள்போல வளைகிறது. 120 நாள் வாழ வேண்டியது 10, 20 நாளில் உடைகிறது. உங்களிடம் மற்றொரு குறிப்பு சரியாக இருப்பதால், ஏ வகை 65 பங்கு இருக்கிறது, எஸ் 31தான். எஸ்ஸைவிட ஏ இப்படிக் கூடுதலாக இருப்பதால், சாதாரண நிலையில் அணுக்கள் வளைவதில்லை. கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மைல்கணக்கில் ஓடாதீர்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு வேண்டிய கவனம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

அப்படியானால் 9.4 எங்கிருந்து வந்தது? அரிவாள் மரபணுவிலிருந்து அல்ல. ஒரு பங்கு உள்ளவர்களுக்கு அதனால் சோகை வருவதில்லை. எல்லாப் பழியையும் அந்த அட்டையின் மேல் போட்டுவிட்டு, உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுவது மருத்துவர்களே செய்யும் தவறு. உங்கள் வயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவு. எஸ் 40ஐ நெருங்காமல் 31இல் நிற்பதுகூட ஒரு துப்பு: இரும்பு குறைந்தாலும் அப்படி ஆகும், ஆல்ஃபா தலசீமியா என்ற இன்னொரு சின்ன மாற்றம் உடன் இருந்தாலும் ஆகும். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் சோதனை செய்து பாருங்கள். குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரையைத் தைரியமாகச் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். அக்கா மகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது; அவளுக்கு நோய் உறுதியானால், சோதிக்காமல் இரும்பு டானிக் கொடுக்கக் கூடாது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ குடிக்காதீர்கள், இரும்பை அது உடம்பில் சேரவிடாது. தேயிலைத் தோட்டத்து ஊரில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான்.

முகாமில் ஒருவர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். அவர் யாரென்று தெரியவில்லை. சொன்னது தவறு என்பது மட்டும் தெரிகிறது.

அரிவாள் வடிவ அணுக்களை முதன்முதலில் 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் எழுதி வெளியிட்டார். பிறகு பல ஆண்டுகள் இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் உங்கள் நீலகிரியில் மலைமக்களின் ரத்தத்தைச் சோதித்து, அதே அணு இங்கேயும் இருக்கிறது என்று அறிவித்தார்கள். இந்தியாவில் இந்த மரபணுவின் வரலாறு தொடங்குவது உங்கள் மலையில்தான். அவர்கள் இதை வைத்து, எந்தக் குடி எங்கிருந்து வந்தது என்று பழைய வம்சாவளிக் கதை எழுதப் பார்த்தார்கள். அந்தக் காலத்து விஞ்ஞானத்தின் ஆசை அது. ரத்தம் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு மருந்து வரப் பல பத்தாண்டுகள் ஆயிற்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

அவர்கள் கண்டதில் ஒரு விஷயம் என்னை விடாமல் யோசிக்க வைக்கும். இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் இந்த மரபணு நிறைய. மலைமேல் புல்வெளியில் எருமை மேய்த்த தோடர்களிடம் மிகக் குறைவு. ஒரே மலைதான், ஆனால் உயரம் வேறு. மேலே குளிர், மலேரியாக் கொசுவும் அதன் கிருமியும் அங்கே செழிப்பதில்லை. சரிவிலும் அடிவாரக் காட்டிலும் அந்தப் பக்கம் வயநாட்டிலும் முறைக்காய்ச்சல் காலங்காலமாகக் குடியிருந்தது. அந்தக் காய்ச்சலில் ஊர் ஊராகக் குழந்தைகள் போனார்கள். ஆனால் ஒரு பங்கு எஸ் உள்ள குழந்தையின் சிவப்பணுவுக்குள் மலேரியாக் கிருமி புகுந்தால், அந்த அணு வளைந்துகொள்கிறது. மண்ணீரல் அதைக் கிருமியோடு சேர்த்து அழித்துவிடுகிறது. 1954இல் ஆன்டனி அலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டினார். கொடிய மலேரியா வரும் வாய்ப்பைப் பத்தில் ஒன்பது பங்கு இது குறைக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன.

ஆக, உங்கள் முப்பாட்டி பிழைத்ததற்கு இந்த எழுத்து மாற்றமும் காரணமாக இருந்திருக்கலாம். அவர் பிழைத்ததால்தான் நீங்கள் கடை கணக்கு எழுதுகிறீர்கள். கோளாறு என்பவர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. ‘உங்கள் ஆட்கள்’ என்பதும் பொய். ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் விதர்பாவிலும் குஜராத்திலும் இது இருக்கிறது, பழங்குடி அல்லாத சாதிகளிலும் இருக்கிறது. சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும், கிரேக்கத்திலும், சிசிலியிலும் இருக்கிறது. மலேரியா எங்கெல்லாம் வாழ்ந்ததோ அங்கெல்லாம் ரத்தம் ஏதாவது ஒரு விதத்தில் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. சமவெளித் தமிழர்களிடமும் தலசீமியா மரபணு உண்டு. அவர்களை யாரும் முகாமில் நிற்கவைத்துக் கோளாறு என்று சொல்வதில்லை.

ஹைட்ராக்சியூரியாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? கருவில் இருக்கும் குழந்தைக்கு எஃப் என்று வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. அது எஸ்ஸை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. பிறந்து சில மாதத்தில் அது வற்றிவிடுகிறது. ஆறு மாதம் வரை நோய் தெரியாமல் இருப்பது அதனால்தான். இந்தியாவிலும் கிழக்கு அரேபியாவிலும் உள்ள எஸ் மரபணுவோடு இன்னொரு சின்ன வேறுபாடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் இங்கே நோயாளிகள் பலருக்குப் பெரியவர்கள் ஆன பிறகும் எஃப் 15, 20 சதவீதம் தங்கிவிடுகிறது. ஆப்பிரிக்க வகையில் பெரும்பாலும் 10க்குக் கீழே. ஆகவே நம் நோயாளிகளில் பலருக்கு நோய் சற்று மென்மையாக இருக்கிறது. ‘பலருக்கு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மென்மையான நோய் என்று கேள்விப்பட்டு அலட்சியமாக இருந்த வீடுகளில் குழந்தை இறந்ததும் உண்டு. ஹைட்ராக்சியூரியா செய்யும் வேலை இதே எஃப்ஐக் கூட்டுவது. 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையும், எஃப்ஐ அணைத்துவைக்கும் விசையைத் திருத்தி அதை மறுபடி ஓடவிடுவதுதான். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். உங்கள் மலையில் சிலர் பிறக்கும்போதே அதில் கொஞ்சத்தைக் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

திருமணத்துக்கு வருவோம். மாமன் வீட்டார் உங்கள் அட்டையைப் பார்த்துத் தயங்குகிறார்கள். அவர்கள் மகனின் அட்டை எங்கே? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெண்ணின் ரத்தத்தை மட்டும் துருவும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். அவருக்கு எஸ்ஸோ வேறு ஹீமோகுளோபின் மாற்றமோ இல்லையென்றால், உங்களுக்குப் பிறக்கும் ஒரு குழந்தைக்கும் இந்த நோய் வராது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் உங்களைப் போல ஒரு பங்கோடு பிறக்கும், அவ்வளவே. அவருக்கும் ஒரு பங்கு இருந்தால் கணக்கு மாறுகிறது: ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று வாய்ப்பில் நோய். ஒவ்வொரு கருவுக்கும் என்பதைக் கவனியுங்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்கு வராது என்று ஒரு தந்தை என்னிடம் நிம்மதியாகச் சொன்னார். சோழி ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் உருளும்.

மாமன் மகன் என்பதால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். உங்களுக்கு வந்த எஸ் உங்கள் அம்மாவுடையது என்றால், அவர் உடன்பிறந்த மாமனுக்கும் இருக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு. அவர் மகனுக்கு நான்கில் ஒன்று. மாமியின் பக்கத்திலிருந்து வரக்கூடியது தனி. அப்பாவுடையது என்றால் இந்த வழி அடைபடும். ஆனால் இந்த யூகமெல்லாம் எதற்கு? அவர் நேரில் போய் ஒரு முறை கையை நீட்டினால் விடை வந்துவிடும். அவருக்கும் எச்.பி.எல்.சி.தான் செய்ய வேண்டும். கரைதிறன் சோதனை போதாது. ஏனென்றால் அவரிடம் எஸ் இல்லாமல், ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பீட்டா தலசீமியா ஒரு பங்கு இருந்தால், உங்கள் எஸ்ஸும் அதுவும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து, அரிவாள் சோகையைப் போன்ற நோயையே கொடுக்கும். கரைதிறன் சோதனை அதைப் பார்க்கவே பார்க்காது.

அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று வந்தால்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாமன் வீட்டாருக்கும் இல்லை. முகாமில் அட்டை கொடுத்தவருக்கும் இல்லை. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம், 7 கோடிப் பேரைச் சோதித்து, 2047க்குள் இந்த நோயை ஒழிக்கப் போவதாகச் சொல்கிறது. சோதிப்பது நல்லது. ஆனால் அட்டைகளை ஜாதகம்போல வைத்துப் பொருத்தம் பார்க்கும் பேச்சு எனக்கு உவப்பானதல்ல. சில ஊர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒரு பங்கு உண்டு. அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு யார் யாரைக் கட்டுவது? நீங்கள் இருவரும் தெரிந்தே திருமணம் செய்துகொள்ளலாம். கருவுற்றதும் 10 முதல் 12 வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தையின் மரபணுவைப் பார்க்க முடியும், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் வசதி உண்டு. நாள் தள்ளியவுடனே, எட்டாவது வாரத்திலேயே, போக வேண்டும் என்பதுதான் முக்கியம். பார்த்த பிறகு என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. பார்க்கவே வேண்டாம் என்பதும் உங்கள் முடிவு. அப்படியானால் பிறந்த குழந்தையை முதல் சில வாரத்திலேயே சோதித்துவிடுங்கள், பூச்சிக்கடி என்று களிம்பு தடவும் நிலை வராது.

இப்போதைக்கு அக்காவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகும்போது மாமன் மகனையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். தாள்கள் வந்ததும் எனக்கு நகல் அனுப்புங்கள். அவருடைய தாளில் ஏ2 என்ற வரி இருக்கும், 3.5க்கு மேலா கீழா என்று பார்க்க வேண்டும்; பீட்டா தலசீமியாவைக் காட்டிக்கொடுக்கும் வரி அது. சில ஆய்வுக்கூடங்கள் அந்த வரியை அச்சடிக்காமல் விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.